வண்டி வந்தது, காகிதம் வந்ததா?

‘மிலிட்டரி டிஸ்போசல்’ என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களில் பலருக்குத் தனி உற்சாகம் வந்துவிடுகிறது. ராணுவம் பராமரித்த வண்டி, கனமான இரும்பு, விலையோ மலிவு என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு பெரும்பாலும் சரிதான். அதில் விட்டுப்போவது காகிதச் செலவும் காத்திருக்கும் காலமும். பல ஆண்டுகள் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் வண்டிப் பத்திரங்களைக் கவனித்தவன் என்பதால், சங்கத்துக்கு வரும் அன்பர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இந்த வியாபாரம் வங்கத்துக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் பானாகரில் விமானதளம் வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் உலகமெங்கும் ஜீப்புகளும் லாரிகளும் மிஞ்சிப்போயின. மணிலாவில் அவர்கள் விட்டுச்சென்ற ஜீப்புகள்தாம் பிற்பாடு ‘ஜீப்னி’ என்ற பயணிகள் வண்டிகளாக மாறின. நம் பானாகர் பஜாரில், ஜி.டி. ரோட்டின் இரு புறமும், ராணுவம் கழித்த வண்டிகளையும் உதிரி பாகங்களையும் விற்கும் கடைகள் பெருகின. ஜபல்பூர் தொழிற்சாலையில் செய்த சக்திமான் லாரி, ஜோங்கா ஆகியவற்றின் பாகம் வேண்டுமென்றால் வெளி மாநிலத்துக்காரர்களும் அங்கேதான் வந்து தேடுவார்கள்.

முன்பெல்லாம் டி.ஜி.எஸ். அண்ட் டி. என்ற மத்திய அரசு அமைப்பு இத்தகைய ஏலங்களை நடத்தியது. அது 2017-இல் மூடப்பட்டது. இன்று பாதுகாப்புத் துறையின் கழிவுப் பொருள்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. மூலமாகவே ஏலத்துக்கு வருகின்றன. 1964-இல் தொடங்கிய இந்த அரசு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் நம் கொல்கத்தாவில்தான் இருக்கிறது. ஏலம் முழுவதும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. பான் எண் கொடுத்துப் பதிவு செய்து, முன்பணம் கட்டி, வீட்டில் இருந்தபடியே விலை கேட்கலாம்.

விலை உயர்ந்து நம் பெயரில் நின்றவுடன் வண்டி நமதாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. பல லாட்டுகள் ‘ஒப்புதலுக்கு உட்பட்டவை’. விற்கும் தரப்பு நம் விலையை ஏற்றுக்கொண்ட பிறகே விற்பனை உறுதியாகும். அதுவரை முன்பணம் முடங்கிக் கிடக்கும். உறுதியான பின் மீதிப் பணத்தைக் குறித்த நாளுக்குள் கட்டி, டெலிவரி ஆர்டர் வாங்கி, வண்டியை எடுக்க வேண்டும். தாமதித்தால் தரை வாடகை ஏறும். வண்டி எந்த நிலையில் எங்கே நிற்கிறதோ அந்த நிலையில் அங்கிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பொது நிபந்தனை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ராணுவ வண்டிக்கு மேல்நோக்கிய அம்புக்குறியுடன் தனி எண் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வண்டி அரசின் சொத்தாக இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. கை மாறிய கணமே அது பதிவில்லாத வண்டி. புதிய வண்டியைப் போல முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அதற்குப் படிவம் 20-இல் விண்ணப்பமும், ராணுவ அதிகாரி கையெழுத்திட்ட அசல் விற்பனைச் சான்றிதழும் தேவை. இந்தச் சான்றிதழுக்குப் படிவம் 21 என்று பெயர். வாங்கியவர் பெயர், சேசிஸ் எண், என்ஜின் எண், தயாரிப்பு மாதம், ஆண்டு, எடை, நிறம் எல்லாம் அதில் இருக்கும். டெலிவரி எடுத்த ஏழு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது விதி. ஏழு நாள்! படிவத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் ஏழு மாதமும் போதாது.

அப்படி ஒன்றை நான் அருகிலிருந்து பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வெளி மாவட்டம் ஒன்றில் குழாய்ப் பணி காண்டிராக்ட் எடுக்கும் ஓர் இளைஞர். மனைவியின் நகையை அடகு வைத்து, வேலைத்தளங்களுக்குப் போய்வர ஒரு பழைய ஜிப்ஸியை ஏலத்தில் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். “மாமா, வண்டி வாசலில் நிற்கிறது. ஆனால் அது என் வண்டி இல்லை என்கிறார்கள்” என்றார்.

காகிதங்களை விரித்துப் பார்த்தேன். பான் அட்டையில் அவர் பெயரும் தொடர்ந்து தகப்பனார் பெயரும். படிவம் 21-இல் ஓர் இனிஷியலும் பெயரும். வாக்காளர் அட்டையில் வெறும் பெயர். நமக்கு மூன்றும் ஒருவர்தான். குடும்பப் பெயருக்குப் பழகிய அலுவலகத்துக்கு மூன்று பேர்! அது ஒரு புறம் இருக்க, வண்டியிலிருந்த என்ஜின் எண்ணும் காகிதத்திலிருந்த எண்ணும் வேறு வேறு. இதில் திருட்டு ஒன்றுமில்லை. ராணுவப் பட்டறையில் பழைய என்ஜினைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது வழக்கம். மாற்றியது பட்டறைப் பதிவேட்டில் இருந்தது. விற்பனைத் தாளில் ஏறவில்லை.

பெயர்ச் சிக்கல் பிரமாணப் பத்திரத்தில் தீர்ந்தது. என்ஜின் எண்ணைத் திருத்த டிப்போதான் கடிதம் தர வேண்டும். கையெழுத்திட்ட அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் பதிவேட்டைத் தேடிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார், அது நியாயமும்கூட. கடிதம் வந்து, ஆய்வு முடிந்து, எண் கிடைக்க மொத்தம் எட்டு மாதம். அதுவரை அவர் தினமும் வாடகை வண்டியில் போனார், நகைக்கு வட்டி கட்டினார். மழைக்காலம் முழுக்க ஜிப்ஸி தார்ப்பாய்க்குள் நின்றது. மலிவில் மிச்சமான பணம் அப்படியே கரைந்தது.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். தாமதம் ஆர்.டி.ஓ. கவுண்டரில் தெரிய வருகிறதே தவிர, அது பிறப்பது டிப்போ வாசலுக்கு உள்ளே. வண்டி வாசலைத் தாண்டும்வரை திருத்தம் ஒரு மணி நேர வேலை. தாண்டிய பின் அது கடிதப் போக்குவரத்து.

ஆகவே, பார்வையிட அனுமதிக்கும் நாளில் கட்டாயம் நேரில் போங்கள். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். என்ஜின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். லாட் விவரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அந்த லாட் வண்டியாக விற்கப்படுகிறதா, வெறும் இரும்பாகவா, படிவம் 21 தருவார்களா என்று நிபந்தனைகளில் படியுங்கள். இரும்பாக வாங்கியதைப் பதிவு செய்ய முடியாது. பான், ஆதார், வாக்காளர் அட்டை மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கும்படி ஏலத்துக்கு முன்பே திருத்திவிடுங்கள். ஊர் முகவரியில் அட்டை வைத்திருப்பவர்கள் இங்குள்ள முகவரிச் சான்றையும் தயார் செய்துகொள்ளுங்கள்.

வயதையும் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்புக்கே போகின்றன. போர்ப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளை விலக்க வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. எனவே தயாரிப்பு ஆண்டைச் சொல்லி, பதிவு கிடைக்குமா என்று உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்; பிறகு முன்பணம் கட்டுங்கள்.

படிவம் 21 கைக்கு வந்ததும் டிப்போவிலேயே நின்று ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். பின்னால் காத்திருப்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். வண்டியை ராணுவ எண்ணோடு ஓட்டி வராதீர்கள். லாரியில் ஏற்றி வாருங்கள். இன்னொன்று: ராணுவப் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. அழகாக இருக்கிறதே என்று அப்படியே விட்டால் விதிமீறல்.

இவ்வளவும் செய்பவருக்கு ஏல வண்டி லாபம்தான். பானாகரில் உதிரி பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கிற வரை அது நன்றாகவே ஓடும். இன்ஷூரன்ஸ் எடுத்து, எண் பலகை மாட்டி, அதன் பிறகு காளிகாட்டில் பூஜை போடுங்கள்.