கரையைப் பார்த்துக் கடலை அறிந்தவர்கள்

தூத்துக்குடிக் கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்தது அவற்றின்மேல்தான். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். ஆனாலும் பழகிய தண்டல் (தோணியின் தலைவர்) தோணியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். கரை தெரிகிற தூரம் என்றால் கோயில் கோபுரமும் பனங்கூட்டமும் ஒரே நேராக வர வேண்டும். பக்கவாட்டில் வேறு இரண்டு அடையாளங்கள் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரக் கல்லைப் போடலாம். கரை மறைந்துவிட்டால் நட்சத்திரம், நீரின் நிறம், ஈயக்குண்டில் ஒட்டி வருகிற மண். இந்த அடையாளங்களை அப்பன் மகனுக்குச் சொல்வான். பக்கத்துத் தோணிக்காரனுக்குச் சொல்ல மாட்டான்.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததல்ல. முதலில் அதிகாரிகள் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பியில் கிடைத்த முத்து விலை பெறும் என்றால்தான் அறிவிப்பு வரும். உடனே கரையில் ஒரு கூடார நகரமே எழும்பிவிடும். பரதவரும் கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம்களும் வந்து சேர்வார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சு தாங்கும் ஒரு நிமிடத்துக்குள் கூடையை நிரப்பி மேலேற வேண்டும். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மந்திரத்தை நம்பியோ நம்பாமலோ, மந்திரக்காரர் கரையில் நிற்காமல் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. இன்றைய காப்பீட்டையும் நாம் அப்படித்தானே வாங்குகிறோம்! சிப்பியைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தைப் பொறுக்கினார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி முத்துமாலை போட்டவர்கள் யாரும் பேசியதில்லை.

கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன்பிறகு பார்களில் சிப்பி அந்த அளவுக்குத் திரும்பவில்லை. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் அழகர்சாமி குழுவினர் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அறிவியலுக்குப் பெரிய வெற்றிதான். பழைய சந்தை வரவில்லை. குளிக்கிறவர்கள் சங்குக்குப் போனார்கள். இன்று வாயில் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். இடம் எப்படித் தெரியும் என்று கேட்டால், “எல்லாம் இதுலயே நம்பரா ஏத்தி வச்சிருக்கு அண்ணாச்சி” என்று கையிலிருக்கும் ஜிபிஎஸ் கருவியைக் காட்டுவார்கள்.

அந்த நம்பர் துல்லியமானதற்கு ஒரு தேதி உண்டு. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை மட்டும் இணையத்தில் அறிவித்தார். தேடி எடுப்பவர் பேரை எழுதிவிட்டு, எடுத்த பொருளுக்குப் பதிலாக ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும். ஜியோகேச்சிங் என்று உலகமெங்கும் பரவிய விளையாட்டு அது. தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையை இதற்கென்றே போட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் தேடல் நடையை மாதா கோயிலில் தொடங்கலாம்: ஏறத்தாழ 8.8 டிகிரி வடக்கு, 78.16 டிகிரி கிழக்கு. டச்சுக்காரர் கையில் ஊர் இருந்தபோதே, 1713இல், கத்தோலிக்கப் பரதவர்களுக்காக எழும்பிய கோயில். டச்சுக்காரர் தங்களுக்கென 1750இல் கட்டிய திரித்துவ ஆலயமும் அதே கடற்கரைச் சாலையில்தான். பழைய துறைமுகத்தில் இன்னும் தோணிகள் மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றுகின்றன. அன்று கரையோரம் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் பல மைல் தள்ளியே நங்கூரமிட்டன. ஆளும் சரக்கும் படகில்தான் போய்ச் சேர வேண்டும். வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசி கம்பெனி 1907இல் கொண்டுவந்த காலியா, லாவோ கப்பல்களும் இந்தக் கடலில் நின்றவைதான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணமே வேண்டாம், குடையும் தருகிறோம் என்று கொழும்புப் பயணிகளைக் கூவி அழைத்ததாகச் சொல்வார்கள். 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகத்தில் அந்தச் சிரமமெல்லாம் இல்லை. தலா சுமார் 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீள்கின்றன. கப்பல் சுவரோரம் வந்து அணைகிறது. இப்போது கடலிலிருந்து கரையைப் பார்த்தால் கோபுரத்துக்கு முன்னால் கண்ணில் படுவது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தருகே மூடிய டப்பா ஒன்றை ஒளித்துவைத்தால் அதை முதலில் தேடி எடுப்பவர்கள் வெடிகுண்டு நிபுணர்களாகத்தான் இருப்பார்கள். டப்பா இல்லாமல், இடத்துக்குப் போனால் மட்டுமே விடை தெரியும்படி கேள்வி கேட்கிற வகையும் இந்த விளையாட்டில் உண்டு. நமக்கு அதுதான் சரி.

அந்தக் கேள்விகளுக்கு இங்கே பஞ்சமில்லை. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையில் போய் நின்றால் சுற்றிலும் வயலும் வாழையும்தான். கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. விளாங்குச்சல்லித் தீவின் கதை நேர் எதிர். சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். தீவு கடலுக்குள் போயிற்று. கரியாச்சல்லித் தீவு சுருங்கிக்கொண்டிருக்கிறது. வான் தீவைக் காக்க கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். 1986 முதல் இத்தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. அனுமதியில்லாமல் யாரும் கால்வைக்க முடியாது. அதனால் நடையின் கடைசிக் கேள்வியை விளாங்குச்சல்லிக்கே வைத்துவிடலாம்: அங்கே இறங்க எந்த அடையாளத்தை எதற்கு நேராக வைத்துப் படகை விட்டார்கள்? விடை எந்தப் பலகையிலும் இல்லை. திரேஸ்புரத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் யாரிடமாவது கேட்டுத்தான் எழுத வேண்டும்.