பழைய சைக்கிளும் வீட்டுக் கருவிப் பெட்டியும்

சங்கத்திலிருந்து பாவும் ஊடைநூலும் வீட்டுக்கு வருவதும், நெய்த துணி சங்கத்துக்குப் போவதும், விடியற்காலையில் கீரையும் கத்தரியும் சந்தை சேர்வதும், கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு முறைவேலைக்குச் செல்வதும் இன்றும் பலருக்குச் சைக்கிளால்தான் நடைபெறுகின்றன. புதியது வாங்க இயலாதவர் பழையதை வாங்குகின்றனர். அதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் எதைப் பார்த்து வாங்குவது, எதை வீட்டிலேயே பழுது பார்த்துக்கொள்வது என்பதை அறியாமையால் ஒரு நாள் கூலி வீணாகிறது. சில வேளை உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்று, ஹெர்குலிஸ் வண்டிகள் அங்கே உருவாயின. அவ்வகைக் கறுப்பு வண்டிகள், எக்கம்பெனியுடையவையாயினும், பெரும்பாலும் ஆங்கில அங்குல அளவையே தழுவியவை. ஆகையால் ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும். கியர் வைத்த புதுமாதிரி வண்டிகளுக்கு இவ்வசதி குறைவு. பாரம் ஏற்றுவோர் பழைய கறுப்பு வண்டியையே நாடுவது நலம் என்பது என் கருத்து.

வாங்கும்போது பெயின்டைக் கண்டு மயங்கலாகாது. போர்க்கும் சட்டமும் சேருமிடத்துக்கு அருகே, கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருப்பின், அவ்வண்டி எங்கோ மோதியது என்று கொள்க. அத்தகையதை எவ்விலைக்கும் வாங்கற்க. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, அது கோணுகிறதா என்று பார்க்க வேண்டும். பழவேற்காட்டுப் பக்கத்து வண்டியாயின் உப்புக்காற்று ரிம்மையும் கம்பிகளின் அடியையும் அரித்திருக்கும். அங்கே விரலால் தடவிப் பார்ப்பது அவசியம்.

செயினைச் சோதிக்க ஓர் அடிக்கோல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கணுக்களை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அரைக்கால் அங்குலம் மிகுந்திருந்தால் செயினை மாற்றிவிடுக. தேய்ந்த செயினைச் சிக்கனம் கருதி ஓட்டுவோர், அது பற்சக்கரங்களையும் தின்றபின் மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கின்றனர்.

செயினுக்கு நல்லெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் விடுவோர் உளர். அவை நாளடைவில் பிசினாகி மண்ணை இழுக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மிஷின் எண்ணெயைக் கணுவுக்கு ஒரு துளி விட்டு, மிகுந்ததைத் துடைக்க வேண்டும். தறிக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளோடு செல்வோர் பிரேக் ரப்பரைத் தினமும் பார்த்தல் வேண்டும். பிரேக்கை முழுதும் பிடிக்கையில் அதன் பிடி ஹாண்டில்பாரைத் தொட்டுவிடுமாயின், அன்று அவ்வண்டியை எடுக்கலாகாது.

வீட்டுப் பெட்டியில் ஸ்பானர்கள், திருப்புளி, குறடு, டயர் லீவர் இரண்டு, உப்புத்தாள், சொலுஷன், பழைய டியூபில் வெட்டிய ரப்பர், காற்றுப் பம்பு, எண்ணெய்க் குப்பி இருந்தால் அன்றாடக் குறைகள் தீரும். இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பும். அறியாதார் அதை மேலும் இறுக்கி மரையைக் கெடுத்துவிடுகின்றனர். பஞ்சர் ஒட்டுவதில் பொறுமையே பெரிது. உப்புத்தாளால் தேய்த்துச் சொலுஷன் தடவியபின், அதன் பளபளப்பு மங்கும் வரையில் காத்திருந்து ஒட்டுக. ஈரத்தில் ஒட்டியது உச்சிவெயிலில் பிரிந்துவிடும். டியூபை மீண்டும் மாட்டுமுன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் துடைத்துச் சீமைக் கருவேல முள் தங்கியிருக்கிறதா என்று அறிக. முள்ளை விட்டுவிட்டு ஓட்டையை மட்டும் ஒட்டுவதால் பயனில்லை.

செயின் பின்னை எடுக்கும் கருவி, ஃப்ரீவீல் கழற்றும் கருவி, கம்பி முறுக்கும் சாவி முதலியவை ஆண்டில் இரண்டொரு முறையே பயன்படும். இவற்றை ஒரு குடும்பம் தனியே வாங்குவது வீண் செலவு. சங்கம் ஒரு தொகுதி வாங்கி, நூல் வழங்குவதைப் போலவே பதிவேட்டில் கையொப்பம் பெற்று அங்கத்தினர்க்கு வழங்கலாம். எடுத்தவர் மறுநாள் மாலைக்குள் திருப்பித்தர வேண்டும் என்பதையும், தொலைத்தால் விலையைக் கட்ட வேண்டும் என்பதையும் பொதுக்குழுவில் முன்னரே தீர்மானித்துக்கொள்ளுதல் நன்று.