மோட்டார் வண்டியின் வெந்நீர்க் குழாய்கள்

தமிழகத்து வெயிலில் வளர்ந்த நமக்கு, மோட்டார் வண்டியிலுள்ள ஹீட்டர் ஒரு வேண்டாத பொருளாகவே தோன்றும். உத்தியோகத்தை முன்னிட்டுத் தில்லிக்கோ சண்டிகருக்கோ வந்து, தை மாத மூடுபனியில் அதிகாலையில் வண்டியைக் கிளப்பும்போதுதான் அதன் அருமை விளங்குகிறது. ஆயினும், அந்த இதமான காற்று எங்கிருந்து வருகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

எஞ்சினில் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரங்களைச் சுழற்றுகிறது. மீதியில் ஒரு பங்கை எஞ்சினைச் சூழ்ந்து ஓடும் நீர் ஏற்றுக்கொண்டு, ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்நீரில் சிறிதளவு, இரண்டு ரப்பர் குழாய்களின் வழியே, ஓட்டுநருக்கு முன்னாலுள்ள பலகையின் பின்புறம் அமைந்த மற்றொரு சிறிய ரேடியேட்டருக்குச் சென்று திரும்புகிறது. அதன்மீது விசிறி செலுத்தும் காற்றே சூடாகி நம்மை வந்தடைகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஹீட்டரை மூடிவிட்டால் குழாயில் நீர் ஓடாது என்று நாம் நினைக்கிறோம். இன்றைய வண்டிகள் பலவற்றில் நீரை அடைக்கும் குழாய்த்திருகே இல்லை. காற்றின் வழிதான் மாற்றப்படுகிறது. நீரோ ஆண்டு முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே, சென்னையில் பத்து ஆண்டுகள் ஹீட்டரையே தொடாமல் ஓட்டிய வண்டியானாலும், அதன் குழாய்கள் பத்து ஆண்டுகள் வெந்நீர் சுமந்தவையே. அவ்வண்டியை வடக்கே கொண்டுவந்து மலையேறினால் விளைவு என்ன?

எங்கள் குடும்பம் ஒரு முறை அதை அனுபவித்தது. டிசம்பர் மாதம், கால்காவைத் தாண்டிச் சிம்லாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். சோலன் அருகே முன்கண்ணாடியின் உட்புறம் மங்கியது. மலைப்பனி என்று எண்ணித் துணியால் துடைத்தோம். துணி பிசுபிசுத்தது, வண்டிக்குள் இனிப்பான ஒரு வாடை வீசியது. காலடி விரிப்பும் நனைந்திருந்தது. அந்த மூன்று அடையாளங்களின் பொருள் அன்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்னும் சில மைல் சென்றதும் எஞ்சினிலிருந்து ஆவி எழுந்தது. இருட்டிய மலைச்சாலையில், குளிரில் நடுங்கும் குழந்தைகளுடன் உதவிக்குக் காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தை நாங்கள் மறக்கவில்லை.

காரணம் எளியது. ரேடியேட்டர் மூடி, உள்ளே உண்டாகும் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், நீர் ஏறக்குறைய 120 டிகிரி வரையிலும் கொதிப்பதில்லை. குழாய் வெடித்ததும் அழுத்தம் போய்விடுகிறது. சுமார் 2,200 மீட்டர் உயரமுள்ள சிம்லாவில் வெறும் நீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். நீர் ஆவியாகி வற்றிய பின்னும் வண்டியை ஓட்டினால், எஞ்சினின் தலைப்பகுதி கோணிப்போகும். நீர் அறவே இல்லாதபோது வெப்பமானியின் முள்ளையும் நம்புவதற்கில்லை. உடனே ஓரமாக நிறுத்துவதே வழி.

இனி, குழாயைப் பரிசோதிக்கும் முறையைக் காண்போம். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறப்பவர் முகத்தையும் கையையும் வெந்துகொள்வார். குழாயை விரல்களால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல குழாய் சற்று விறைப்பாக இருந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். மரம்போல் இறுகியிருந்தாலும், பஞ்சுபோல் தளர்ந்திருந்தாலும், உள்ளே நொறுங்கும் ஒலி கேட்டாலும் மாற்றிவிடலாம். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பிவிடும். வெளிப்புறம் பளபளப்பாக இருப்பது மட்டும் போதாது. உலோகத்துக்கும் ரப்பருக்கும் இடையே நீரின் வழியாக நிகழும் மின்வேதிச் செயலால், உட்புறத்தில், முக்கியமாக இரு முனைகளுக்கு அருகே, நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. எனவே முனைகளை அழுத்திப் பார்ப்பது அவசியம். கிளிப்பைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் படிவு இருந்தால் அங்கே கசிவு உண்டு என்று கொள்க.

மாற்றும்போது இரண்டு குழாய்களையும் சேர்த்தே மாற்றுவது நலம். இரண்டுக்கும் வயது ஒன்றே. கடைக்குப் பழைய குழாயையே கொண்டுசெல்லுங்கள். மொழி கைகொடுக்காத ஊரிலும் அந்தத் துண்டு நமக்காகப் பேசும். நீரைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்துவிட்டுக் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். ஒட்டிக்கொண்ட குழாயை முறுக்கி இழுத்தால் சிறிய ரேடியேட்டரின் மெல்லிய மூக்கு முறிந்துவிடும். கத்தியால் குழாயை மட்டும் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே பாதுகாப்பு. மூக்கைத் துடைத்து, புதிய குழாயின் முனையை நீரில் நனைத்துச் செருகலாம். எண்ணெயோ கிரீஸோ கூடாது. கிளிப், மூக்கின் விளிம்பு மேட்டுக்கு உட்புறமாக அமைய வேண்டும். ரப்பர் வெட்டுப்படும் அளவுக்கு முறுக்க வேண்டியதில்லை. குழாய் புகைக்குழலிலோ சுழலும் பெல்ட்டிலோ உரசலாகாது.

பின்னர் நீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டினால், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும். ஆறிய பின் நீர்மட்டத்தையும் கிளிப்புகளையும் மீண்டும் பார்க்க வேண்டும். வெறும் குழாய்த் தண்ணீர் மலையில் உறைந்து எஞ்சினையே பிளக்கக்கூடும். கூலன்ட் திரவமும் வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்தால், மைனஸ் 37 டிகிரி அளவு வரை உறையாது. ஆனால் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கால் கொண்ட அத்திரவம் இனிக்கும் நஞ்சு. வடித்ததைக் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாதபடி வைப்பது நம் கடமை.

வெயில் நாட்டிலிருந்து குளிர் நாட்டுக்கு வந்த நாம் நமக்குக் கம்பளி வாங்க மறப்பதில்லை. நம்முடன் வந்த வண்டியையும் புரட்டாசி, ஐப்பசியிலேயே ஒரு முறை திறந்து பார்ப்போமாக. கால் மணி நேரப் பரிசோதனை, மலைச்சாலையில் ஓர் இரவைக் காப்பாற்றும்.