எந்த வாரம் விதைப்பது? கம்ப்யூட்டரில் கணக்குப் பாருங்கள்

கரிசல் மானாவாரியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சோளத்தையும் பருத்தியையும் புழுதியில் விதைப்பது உண்டு. சிறு தூறலில் முளைத்துவிடாமலிருக்க 5 செ.மீ. ஆழத்தில் இடுகிறோம். ஆனால் நல்ல மழை ஒன்று பெய்து, பயிர் முளைத்தபின் வானம் பொய்த்தால், விதையும் கூலியும் போய்விடும்.

இந்த அபாயத்தை எண்ணிப் பார்க்க முடியும். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ 'பைத்தான்' என்னும் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். அது இலவசமாகவே கிடைக்கிறது. அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் 30 ஆண்டு தினசரி மழையளவைப் பதிந்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட வாரத்தில் 20 மி.மீ.க்கு மேல் பெய்து, அடுத்த 10 நாட்களில் ஒரு நாள்கூட 2.5 மி.மீ. பெய்யாத ஆண்டுகள் எத்தனை என்று எண்ணச் செய்யவேண்டும். சில வரிகளில் முடிகிற வேலைதான். விடுபட்ட நாட்களைப் பூஜ்யம் என்று மட்டும் பதிந்துவிடாதீர்கள். இல்லாத வறட்சி கணக்கில் ஏறிவிடும்.

உதாரணமாக, 30ல் 9 ஆண்டுகள் என்று விடை வந்தால், ஏக்கருக்கு ரூ.3,000 விதைப்புச் செலவில் சராசரி நஷ்டம் ரூ.900. தாமதமாக விதைத்து, கடைசியில் வறட்சியில் அகப்பட்டு இழக்கும் மகசூலோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சராசரியோடு நின்றுவிடலாகாது. கடன் வாங்கி விதைப்பவருக்கு, அந்த 9ல் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தனவா என்பதே முக்கியம். அப்படி வந்திருந்தால் பாதி நிலத்தை மழைக்கு முன்பும், மீதியை மழை நிலைத்த பின்பும் விதைப்பது நல்லது.