ஜாவாஸ்கிரிப்ட் அர்ரே: ஒவ்வொரு மெத்தடிடமும் கேட்க இரண்டு கேள்விகள்

ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்கிறவங்க அர்ரே பக்கம் வந்ததும் புஷ், ஸ்லைஸ், ஸ்ப்லைஸ், மேப், ஸார்ட் என்று பெயர்களை மனப்பாடம் பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. அதைவிட, ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேட்டுப் பழகலாம். ஒன்று, பழைய அர்ரே மாறுமா? இரண்டு, திருப்பி என்ன தரும்?

நான்கு மாணவர்களின் மதிப்பெண்கள் ஒரு அர்ரேயில் இருக்கு: 95, 9, 100, 80. கீழே ஒவ்வொரு முறையும் இதிலிருந்தே தொடங்குவோம்.

புஷ் மூலம் 70-ஐச் சேர்த்தால் பழைய அர்ரேயே நீளும். திருப்பித் தருவது அர்ரே அல்ல, புதிய நீளமான 5 மட்டும்.

ஸ்லைஸுக்கு 1, 3 கொடுத்தால் 9, 100 நகலாக வரும். பழையது அப்படியே இருக்கும். இடங்களை 0-லிருந்து எண்ணணும். 3 என்பது நிறுத்த வேண்டிய இடம். ஸ்ப்லைஸுக்கு அதே 1, 3 கொடுங்க. இங்கே 3 என்பது எத்தனை என்ற கணக்கு. 9, 100, 80 மூன்றையும் பிடுங்கிக் கையில் கொடுக்கும். மிச்சம் 95 மட்டும்.

அடுத்து ஸார்ட். சும்மா கூப்பிட்டால் 100, 80, 9, 95 என்று வரும். ஏன் இப்படி? எதுவும் சொல்லாவிட்டால் எண்களை எழுத்துகளாக மாற்றி, அகராதி வரிசையில் அடுக்கும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் தரும் ஒரு ஃபங்க்ஷனைக் கொடுத்தால் 9, 80, 95, 100 சரியாக வரும்.

ஆனா பெரிய ஆபத்து வேற. ஸார்ட் பழைய அர்ரேயையே கலைச்சு அடுக்கும். மாணவர் பெயர்கள் தனி அர்ரேயில் இருந்தால், 95 வாங்கியவர் பெயருக்கு நேரே இப்போ 9 நிற்கும். எரர் எதுவும் வராது. கான்ஸ்ட் போட்டிருந்தாலும் காப்பாற்றாது. அந்தப் பெயருக்கு வேறு மதிப்பு கொடுப்பதைத்தான் அது தடுக்கும், உள்ளே இருப்பது மாறுவதை அல்ல. வேறொரு பெயருக்கு சமக்குறி போட்டு வைப்பதும் நகல் ஆகாது. ஒரே பெட்டிக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். மூன்று புள்ளி போட்டு நகலெடுத்து அதை ஸார்ட் பண்ணலாம். 2023 பதிப்பில் வந்த டூஸார்ட்டட் பழையதைத் தொடாமல் புது அர்ரேயே தரும். அதற்கும் கழித்தல் ஃபங்க்ஷன் வேணும்.

பயிற்சி இதுதான்: ரன் பண்ணும் முன் இரண்டு விடைகளையும் தாளில் எழுதுங்க. பிறகு பழைய அர்ரே, திரும்பி வந்தது இரண்டையும் பிரிண்ட் பண்ணிப் பாருங்க. மேப், ஃபில்டர், ரிவர்ஸ் மூன்றில் எது பழையதை மாற்றும்? அதிலிருந்தே தொடங்கலாம்.