நண்பருக்கு ஒரு டின் பால்



இந்த வாரம் சம்பளம், போனஸ், வீட்டுடைமை எதையும் பற்றி எழுத நமக்கு மனம் வரவில்லை. நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெலாப்பாங்கில் ஒரு வீட்டு அஞ்சடியில் போய் உட்கார்ந்து வருகிறோம். அதைப் பற்றியே எழுதுகிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இதே மாதிரி ஒருவர் இன்று படுத்திருக்கலாம்.

ஈப்போவுக்கு வடமேற்கே இருக்கிறது ஜெலாப்பாங். மெனோரா சுரங்கத்தைத் தாண்டி மலையிறங்கி வரும் நெடுஞ்சாலையின் இரைச்சல் இராத்திரியிலும் ஓயாது. மேற்கே கிளேடாங் மலைத்தொடர். காலையில் பனி மூடி நிற்கும் அந்த மலையைப் பார்த்தபடிதான் நண்பர் தன் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பார். பெயர் போடக் கூடாது என்று கட்டளை. "நான் செத்தப்புறம் போட்டுக்கோ, அதுவும் கறுப்புக் கோடு கட்டாம போடு" என்றார். ஆகவே நண்பர் என்றே எழுதுகிறோம்.

ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் நாமும் அவரும். ஒரே ஆயாக்கொட்டகையில் கிடந்தோம். பதினைந்து வயதில் ஒரே நாளில் பெரட்டில் பெயர் கொடுத்தோம். அவர் நிரை நம் நிரைக்கு அடுத்தது. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடும்போது, இருட்டில் அவர் இருமினால் நமக்குத் தெரியும், நாம் பாடினால் அவருக்குத் தெரியும். பிறகு தோட்டம் விற்கப்பட்டு, செம்பனை ஏறி, அப்புறம் வீடுகளும் ஏறிவிட்டன. அவர் ஜெலாப்பாங்கில் மலிவு வீடு வாங்கினார். தொழிற்சாலையில் இருபது வருஷம், காவல் வேலையில் எட்டு வருஷம். இந்தக் கதை உங்களில் பாதிப் பேருக்குச் சொந்தக் கதை, நீட்ட வேண்டாம்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஈரலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அறுவைக்கான கட்டம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர்.

நாடகம் முடிந்த நாள்

முதல் தடவை போனபோது வாசலிலேயே அவர் மனைவி நம்மைத் தடுத்து, "அண்ணே, அவருக்கு எதுவும் தெரியாது. வயித்துப் புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம். நீங்களும் வாய தொறந்துடாதீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் தலையாட்டினார். சரியென்று உள்ளே போனோம். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஒருவர் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். இன்னொருவர் "ஒண்ணுமில்ல, நல்லாயிடும்" என்று நண்பரின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். நண்பர் சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

எல்லாரும் பசியாறப் போனதும் நம் கையைப் பிடித்தார். "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும்டா. ஆஸ்பத்திரியில மிஸ்ஸி பேசினத கேட்டேன். இவங்க நடிக்கிறாங்க, அதனால நானும் நடிக்கிறேன். நீயாவது நடிக்காத."

நாம் என்ன சொல்வது? "சரிடா" என்றோம். வேறு வார்த்தை வரவில்லை. ஆனால் அன்று மத்தியானமே மகனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னோம். ஒரு வாரம் அந்த வீட்டில் நம்மீது கோபம். பெண்டாட்டி கோப்பி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து, மகள் கல்யாணக் கடனை எப்படி முடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நண்பர் முகத்தில் பழைய களை. அந்தக் கணக்கைப் பேசத்தான் அவர் தவித்துக்கொண்டிருந்தார். தெரியாதவர் போல நடிக்கிறவர் எப்படிக் கணக்குப் பேசுவார்?

நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் ஆழமாக இருக்கிறது. நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்வோம். அன்பால் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற மனிதர் அதனால் தனியாகிப் போகிறார் என்பதைக் கண்ணால் கண்டோம்.

வலியும் மருந்தும்

இரண்டாவது மாதம் வலி கூடியது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மார்ஃபின் சிரப்பை வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். "அது போதை மருந்துண்ணே, பழகிடுவாரு" என்று மகன் பயந்தார். நண்பர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வலியில் கிடப்பவருக்கு ஏது சந்தோஷம், ஏது நண்பன்?

வீட்டுக்கே வந்து பார்க்கும் மிஸ்ஸி ஒருவர் இதைத் தீர்த்து வைத்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறோம், குறித்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் மார்ஃபின் குடிப்பவர் போதைக்காரர் ஆவதில்லை. வலி வந்த பிறகு குடிப்பதைவிட, பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று எழுதிக் கொடுத்தபடி நேரம் தவறாமல் குடித்தால்தான் வலி அடங்கியே இருக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கொடுப்பார்கள், அதை விட்டுவிடக் கூடாது. அளவை நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

இப்படி வீடு தேடி வந்து பார்க்கும் சேவை கோலாலம்பூரில் 1991-ல் ஹோஸ்பிஸ் மலேசியா மூலம் தொடங்கியது. ஈப்போவிலும் பேராக் பேலியேட்டிவ் கேர் சங்கம் இருக்கிறது. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் ஆரம்பித்த வேலை, பின்னால் அக்கம்பக்கத்துச் சாதாரண ஜனங்களே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் "இனி செய்ய ஒன்றுமில்லை" என்ற மாதிரிச் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். வலிக்கு யாரைப் பார்ப்பது என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவதுதான் நம் பெரிய வியாதி.

இதற்கெல்லாம் வேர் லண்டனில், இரண்டு பேர் நட்பில் இருக்கிறது. 1948-ல் அங்கே ஒரு மருத்துவமனையில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர் புற்றுநோயில் கிடந்தார். உணவகத்தில் பணியாளாக இருந்தவர், நாற்பது வயது, அந்த ஊரில் சொந்தம் கிடையாது. சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி அடிக்கடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். சாகிறவர்களுக்கென்று நல்ல இடம் ஒன்று வேண்டும் என்று இருவரும் பேசினார்கள். டாஸ்மா தன்னிடம் இருந்த 500 பவுனை அவரிடம் விட்டுப் போனார். அந்த வீட்டுக்கு ஒரு சன்னலாவது தன் பங்காக இருக்கட்டும் என்று. சிசிலி அம்மையார் அதன் பிறகு டாக்டருக்குப் படித்து, 1967-ல் செயிண்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். சன்னலுக்குப் பணம் கிடைத்து, சுவர் எழுப்ப 19 வருஷம் பிடித்தது.

இதை நண்பரிடம் சொன்னோம். "நான் உனக்கு என்னத்த விட்டுட்டுப் போறது? என் உளிதான் இருக்கு" என்றார்.

இனிப்புக் கோப்பி

உளிக்கு வருவோம். முதலில் கோப்பி.

நண்பருக்குப் பன்னிரண்டு வருஷமாக இனிப்புநீர். சீனி கிடையாது, டின் பால் கிடையாது. கோப்பி கொசோங்தான். படுத்த பிறகும் பெண்டாட்டி பத்தியத்தை விடவில்லை. "எனக்கு ஒரே ஆசைடா" என்றார் ஒரு நாள். நாம் என்னவோ பழனி, திருச்செந்தூர் என்று கேட்கப் போகிறார் என நினைத்தோம். "தோட்டத்து ஒட்டுக்கடைல குடிப்போமே, டின் பால் அடியில தங்குற மாதிரி, அந்தக் கோப்பி."

மிஸ்ஸியைக் கேட்டோம். சிரித்துவிட்டார். "கொடுங்க ஐயா. இப்ப சீனி அளவ ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற நேரமில்ல. அவர் மருந்தைப் பார்த்துத்தான் சொல்றேன், கொஞ்சமா கொடுங்க." எல்லா இனிப்புநீர்க்காரருக்கும் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அந்த ஞாயிறு கடையிலிருந்து ஒரு டின் வாங்கிப் போனோம். தங்கச்சி கோப்பியைத் துணிவடிகட்டியில் போட்டு, கண்ணாடிக் கிளாசில் அடிப்பக்கம் இரண்டு விரல் வெள்ளையாக நிற்கும்படி ஊற்றிக் கொண்டுவந்தார். நண்பர் கரண்டியால் கலக்கவில்லை. மேலே கசப்பைக் குடித்துக்கொண்டே கீழே வந்தார். கால் கிளாஸ்தான் குடிக்க முடிந்தது. கடைசியில் விரலை விட்டு அடிப்பாலை வழித்து நக்கினார், சின்னப்பிள்ளை மாதிரி. பேரன் கைகொட்டிச் சிரித்தான். பன்னிரண்டு வருஷம் காவல் காத்த தங்கச்சி அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். அழுதாரா சிரித்தாரா என்று நாம் போய்ப் பார்க்கவில்லை.

மரத்துக்குக் காயம்

இதில் நமக்குத் தெம்பு வந்து, பெரிதாக ஒன்று செய்யப் போய்ப் பட்டுக்கொண்டோம். பழைய தோட்டத்தைக் காட்டுவோம் என்று மகனின் காரில் அவரை ஏற்றிக்கொண்டு போனோம். தோட்டம் எங்கே இருக்கிறது? லயம் இருந்த இடத்தில் மாடிவீட்டு வரிசை. கோயில் மட்டும் புதுக் கோபுரத்தோடு நிற்கிறது. நண்பர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் ஒரு மலாய்க்காரர் சிறுதோட்டத்தில் பால்மரம் கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்தச் சொன்னார். மடியில் துணியில் சுற்றிய உளி! நமக்குத் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறார்.

கிழவர் ஒருவர் வந்தார். விஷயம் சொன்னதும் "சிலாக்கான், பாக்சிக்" என்று ஒரு மரத்தைக் காட்டினார். நாம் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நண்பர் முதலில் கோட்டுப்பாலை உரித்தார். அந்த உரிப்பில் கை மறக்கவே இல்லை. ஆனால் உளி வைத்து இழுத்தபோது கை நடுங்கி, பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டது. பால் வந்தது, ஒழுங்காக ஓடவில்லை. வெட்டை விட்டு வழிந்தது.

"காயம் போட்டுட்டேன்டா" என்றார். முப்பது வருஷம் பால் வெட்டி, காயத்துக்காக ஒரு தடவைகூட மண்டோரிடம் ஏச்சு வாங்காதவர். கிழவர் பரவாயில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீடு வரைக்கும் அதே முணுமுணுப்பு. அலைச்சலில் வலி ஏறி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. தங்கச்சி போனில் நம்மை வாங்கு வாங்கென்று வாங்கினார். நியாயம்தான். அவர் ஆசை என்று நினைத்தோம். பாதி நம் ஆசை. பழைய நண்பனைப் பழைய மரத்தடியில் பார்க்க நமக்குத்தான் கொதித்தது.

ஆனால் அந்த மரத்தடியில் நம் கைப்பழக்கம் சும்மா இருக்கவில்லை. கீழே கிடந்த ரப்பர் கொட்டை நாலைந்தைப் பொறுக்கிப் பையில் போட்டிருந்தோம். அடுத்த ஞாயிறு அதை எடுத்து அவர் முன்னால் வைத்தோம், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. ஒன்றை எடுத்தார். புள்ளியைத் தடவினார். பிறகு நாற்காலியிலிருந்து குனிந்து அஞ்சடிச் சிமிந்தியில் பரபரவென்று தேய்த்தார். என்ன செய்கிறார் என்று நமக்குப் புரிவதற்குள் கொட்டையை நம் புறங்கையில் வைத்து அழுத்திவிட்டார். சுரீரென்றது! "ஆ!" என்று கத்தினோம். ஐந்து வயதில் ஆயாக்கொட்டகையில் வைத்த அதே சூடு. நண்பர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தங்கச்சி ஓடிவந்து முதுகைத் தட்டும்படி ஆகிவிட்டது. இப்போது பேரன் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சூடு வைக்கிறானாம். பள்ளியிலிருந்து புகார் வந்ததாகக் கேள்வி.

ஒதுக்கி வைத்த இடம்

மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மின்னல் பண்பலையில் பழைய பாட்டு ஓடும். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்துச் சண்டை இன்னும் தீரவில்லை. நாம் எம்.ஜி.ஆர். கட்சி, அவர் சிவாஜி கட்சி. 'நாடோடி மன்னன்' 1958-ல் வந்தது, 'பாசமலர்' 1961-ல். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. சாகப் போகிறவர் என்று நாம் ஒரு நாள் விட்டுக்கொடுத்தோம். முறைத்தார். "இப்பவே கருமாதியா?" என்றார். மறுபடி சண்டை போட்டோம்.

சில நாள் பேச்சே இருக்காது. அவர் தூங்குவார். நாம் பேப்பர் படிப்போம். முன்பெல்லாம் தூங்குகிறவர் பக்கத்தில் ஏன் உட்கார வேண்டும் என்று கிளம்பிவிடுவோம். ஒரு நாள் தங்கச்சி சொன்னார்: "முழிச்சதும் அந்த நாற்காலியத்தான் பாக்குறாருண்ணே."

பள்ளியில் வாத்தியார் சொல்லிக் கொடுத்த புறநானூற்றுக் கதை அன்று ஞாபகம் வந்தது. கோப்பெருஞ்சோழன் உயிர்விட வடக்கிருந்தபோது, பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்றான். அதுவரை இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. வர மாட்டார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வந்தார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். நமக்குப் பிடித்தது பொத்தியார் கதை. அவரும் அரசனோடு சேர்ந்து உயிர்விட வந்தவர்தான். உன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, பிள்ளை பிறந்த பிறகு வா என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். சாகிற நேரத்திலும் நண்பன் வீட்டு நிலவரம் அவனுக்கு ஞாபகம் இருந்தது பாருங்கள்.

நம் ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. போன வாரம் நம் மூட்டுவலியைப் பற்றி விசாரித்துவிட்டு, கோயில் படி ஏறாதே, கீழேயே நின்று கும்பிடு, முருகன் கோவிச்சுக்க மாட்டான் என்றார். உளியைத் துணியில் சுற்றி நம்மிடமே கொடுத்துவிட்டார். கூர் போகாமல் எண்ணெய் தடவி வைக்க வேண்டுமாம்.

இப்போது அரைக் கரண்டிக் கோப்பிதான் இறங்குகிறது. பேச்சும் குறைந்துவிட்டது. வரும் ஞாயிறும் போகிறோம். இந்தப் பேப்பரையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், தன்னைப் பற்றி என்ன புளுகியிருக்கிறோம் என்று பார்க்க. ஒரு டின் பாலும் வேண்டுமாம். பழைய டின்னைப் பேரன் காலி பண்ணிவிட்டானாம்.