உறங்கும் கணினியின் உறங்காத செவி

கும்பகருணனைத் துயிலெழுப்புவதற்கு அரக்கர் பட்ட பாட்டை நாம் அறிவோம். முரசறைந்தும் சங்கூதியும் அவர்கள் சலித்துப் போயினர். இக்காலத்தில் நம் வீட்டு மேசைமீதும் உறங்குவதொன்று உண்டு, அதுவே கணினி. அதனை வேறோர் அறையிலிருந்து எழுப்புவதற்கு முரசும் வேண்டா, சங்கும் வேண்டா. நூற்றிரண்டு பைற்று அளவான சிறு செய்தியொன்றே போதும். இவ்விந்தை நிகழும் விதத்தைச் சற்றே ஆராய்வோம்.

கணினியை முறைப்படி நிறுத்தியதும் திரை இருள்கிறது, விசிறி ஓய்கிறது. ஆயினும், சுவரிலுள்ள ஆளியை நிறுத்தாதவரை, கணினியின் மின்வழங்கி 5 வோற்றில் சிறிதளவு மின்னைச் சுரந்துகொண்டேயிருக்கும். வடம் வந்து சேரும் வலையமைப்பு அட்டை அச்சிறு மின்னை உண்டு விழித்திருக்கிறது. உடல் முழுவதும் உறங்க, செவி மட்டும் உறங்காதிருப்பதை ஒத்தது இந்நிலை.

அச்செவி எதற்காகக் காத்திருக்கிறது? தன் பெயருக்காகவே. ஒவ்வோர் அட்டைக்கும் அதனை ஆக்கியோர் 48 பிற்றுக்கள், அதாவது 6 பைற்றுக்கள், கொண்ட முகவரியொன்றை இட்டுள்ளனர். எழுப்பும் செய்தியின் தொடக்கத்தில் எல்லாப் பிற்றுக்களும் ஒன்றாக அமைந்த 6 பைற்றுக்கள் நிற்கும். அவற்றைத் தொடர்ந்து அம்முகவரி 16 முறை அடுத்தடுத்து வரும். ஆறும் தொண்ணூற்றாறும் சேர நூற்றிரண்டு. இத்தகைய ஒழுங்கு தற்செயலாக அமைதல் அரிது. ஆதலின் அட்டை வேறெதனையும் விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. தன் பெயர் இவ்வாறு ஒலிக்கக் கேட்டதும் கணினியைத் தட்டியெழுப்பிவிடும்.

இச்செய்திக்கு ‘மாயப் பொதி’ என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனமும் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனமும் 1995 ஆம் ஆண்டளவில் இதனை வகுத்தன. 1997 இல் ஐ.பி.எம்., இன்டெல் ஆகியவற்றின் கூட்டணி ‘வேக் ஒன் லான்’ என்னும் பெயரால் இம்முறையைப் பரப்பியது.

இதனால் விளையும் பயனை ஒரு சிறு கணக்கினாற் காண்போம். ஓர் அலுவலகத்தில் 20 கணினிகள் உள்ளனவென்றும், இரவில் அவற்றைப் புதுப்பிக்கும் வேலை உண்டென்றும் கொள்வோம். அவ்வேலையின்பொருட்டு ஒவ்வொன்றும் 50 வாற்று உண்டு 16 மணி நேரம் வீணே விழித்திருப்பின், ஓரிரவிற் செலவாகும் மின்சாரம் 16 அலகு. ஒவ்வொன்றும் 2 வாற்று மட்டும் உண்டு உறங்கினால் ஓர் அலகிலும் குறைவே. வேண்டிய வேளையில் எழுப்பி, வேலை முடிந்ததும் உறங்க வைத்தல் சிக்கனமன்றோ?

ஆயினும் நேயர்களே, கூர்மையான செவி தொல்லையும் தரும். நள்ளிரவில் எவரும் தொடாமலே கணினி விழித்துக்கொள்வதைக் கண்டு அஞ்சுவோர் உளர். அது பேயின் வேலையன்று. சில அட்டைகள் மாயப் பொதிக்கு மட்டுமன்றி, வலையமைப்பில் உலவும் வேறு சில செய்திகளுக்கும் எழுமாறு அமைக்கப்பட்டிருக்கும். அட்டையின் மின் முகாமைப் பகுதியில் ‘மாயப் பொதி மட்டுமே எழுப்பலாம்’ என்னும் தெரிவை இட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

இதனினும் பெரிதாய் எண்ணவேண்டிய குறையொன்று உண்டு. பெயர் சொல்லி அழைப்பவர் யார் என அட்டை வினவுவதில்லை. சிலவற்றில் 6 பைற்றுக் கடவுச்சொல்லைச் சேர்க்கலாமெனினும், அதுவும் மறைக்கப்படாமலே பயணஞ் செய்கிறது. பொதுவாக இச்செய்தி ஒரே வலையமைப்புக்குள்ளேயே உலவும். வழிப்படுத்திகள் அதனை வெளியிலிருந்து உள்ளே விடுவதில்லை. ஆனால் திருடன் உள்ளே புகுந்துவிட்டால்? கப்பம் கேட்கும் தீநிரலாகிய ‘ரியுக்’ அதனைச் செய்துகாட்டியது. தான் புகுந்த கணினி அறிந்திருந்த அயற் கணினிகளின் முகவரிகளைப் படித்து, உறங்கியவற்றை மாயப் பொதியால் எழுப்பி, அவற்றின் கோப்புக்களையும் அது பூட்டியது. இச்செய்தி 2020 சனவரியில் வெளியாயிற்று. அணைத்து வைத்ததனால் தப்பியது என்று எண்ணிய கணினியும் தப்பவில்லை.

ஆகவே, தொலைவிலிருந்து எழுப்ப வேண்டிய தேவை உங்கள் வீட்டில் உண்டா என முதலில் எண்ணிப் பாருங்கள். இல்லையெனில் கணினியின் தொடக்க அமைப்பிலும் அட்டையின் அமைப்பிலும் அவ்வசதியை நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்ததும் கணினியை முறைப்படி நிறுத்தி, பின்னர் சுவர் ஆளியையும் நிறுத்துதல் இன்னும் நன்று. மின்கட்டணமும் சிறிது குறையும். வேண்டாதவர் குரலுக்கு உங்கள் கணினி எழவும் மாட்டாது.